லேஅவுட்
ஆங்கிலத்தில் பொதுவாகப் பக்க அமைப்பையும் பொருள்களின் ஒழுங்கையும் குறிக்கும் இச்சொல், பெங்களூரு நகர மாவட்டத்து ஆனேக்கல் வட்டத்தில் சாலை, வடிகால், பூங்கா ஒதுக்கி மனைகளாகப் பிரித்த நிலத்தைக் குறிக்கிறது. ஓசூரில் ‘பிளாட்’ எனப்படும் மனை, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் ‘சைட்’. 30க்கு 40 அடி என்பது பழகிய அளவு. பல சைட்டுகள் சேர்ந்தது லேஅவுட். இதைப் பிழையான ஆங்கிலம் என்பாருண்டு. அது பொருந்தாது. பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டமே இச்சொல்லை ஆள்கிறது. ஓசூர், சர்ஜாபூர் சாலைகளின் பெயரால் அமைந்த எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் அது இடப்பெயராகவே நிலைத்துவிட்டது. மனை வரைபடத்துக்கு வழங்கிய சொல் அந்த நிலத்துக்கே ஆகிவந்தது. தமிழ் இலக்கணம் நன்கறிந்த ஆகுபெயர்தான் இது. ஆங்கிலம் கற்பவர் அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிட்டால், இங்குள்ள கிரயப் பத்திரம் அவருக்குப் புரியாது. அதில் ‘அப்ரூவ்டு லேஅவுட்’ என்றிருப்பது திட்ட ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு.