மாட்டுங்காவின் கேள்வியும் மனச்சிதைவின் மரபணுக்களும்

1952இல் பம்பாய் மருத்துவர் ஒய். எம். பெண்டேயும் சகாக்களும் 'லான்செட்' இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டனர். ஏ, பி, ஓ என்னும் வகைப்பாட்டில் அடங்காத குருதி அதில் விவரிக்கப்பட்டது. இன்றும் அது 'பம்பாய் வகை' என்றே வழங்குகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் செயலிழந்த ஒரு மரபணுவைப் பெற்றவர்க்கே அக்குருதி அமையும். பிரிவினைக்குப் பின் செம்பூர் முகாமில் குடியேறிய சிந்தியரிடையே மிகுதியாகக் காணப்படும் பீட்டா தலசீமியாவின் கணக்கும் இத்தகையதே. நோய்க்கூற்றைத் தாங்கிய இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. அதை முன்னரே அறியச் செலவு குறைந்த குருதிச் சோதனை போதும்.

மரபணுச் சோதனை என்றாலே 'உண்டு' அல்லது 'இல்லை' என்னும் விடை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இத்தகைய நோய்களிலிருந்து பிறந்தது. மனச்சிதைவு இக்கணக்கிற்கு உட்படுவதன்று. 1916லேயே இதற்குச் சான்று இருந்தது. நோயாளிகளின் உடன்பிறந்தாரை ஆராய்ந்த ஜெர்மானிய மனநல மருத்துவர் எர்ன்ஸ்ட் ரூடினுக்கு மெண்டலின் எளிய விகிதங்கள் கிட்டவில்லை. ஆயினும் 1933இல் நாஜி அரசு கொணர்ந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் அதிகாரபூர்வ உரையாசிரியர்களுள் அவரும் ஒருவர். அச்சட்டத்தின் நோய்ப் பட்டியலில் மனச்சிதைவு இடம்பெற்றிருந்தது. சான்று ஒருபுறம் நிற்க, சட்டம் மறுபுறம் சென்றது.

தமிழ்நாட்டின் பங்களிப்பு இவ்வரலாற்றில் வேறுவகையானது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தோற்றுவித்த 'ஸ்கார்ஃப்' நிறுவனம், ஆஸ்திரேலிய ஆய்வாளருடன் இணைந்து தமிழ்க் குடும்பங்களின் மரபணுக்களை நெடுங்காலம் ஆராய்ந்தது. 2009இல் வெளியான ஆய்வு முதலாம் குரோமோசோமின் ஒரு பகுதியைச் சுட்டியது. 2019இன் ஆய்வு எட்டாம் குரோமோசோமில், நியாசின் வளர்சிதை மாற்றத்தோடு தொடர்புடைய மரபணு ஒன்றன் அருகே நின்றது. இரண்டும் நோய்க்கான காரணத்தைத் தேடிய ஆய்வுகள்; எவருக்கு நோய் வரும் என்று கூற எழுந்தவை அல்ல.

2022இல் 'நேச்சர்' இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு 287 மரபணு இடங்களை அடையாளம் கண்டது. தனித்தனியே அவை ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது. இன்று சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் உமிழ்நீரிலிருந்தே லட்சக்கணக்கான மரபணுப் புள்ளிகளைப் படித்து, அவற்றைக் கூட்டி ஒரு மதிப்பெண் வழங்கிவிடலாம். ஆனால் அதற்கு அடிப்படையான தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினருடையவை. தாராவித் தமிழருக்கோ மாட்டுங்காத் தமிழருக்கோ அதன் துல்லியம் மேலும் குறையும். 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இழந்தோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்நோய் வரக்கூடும். அவ்விழப்பைக் கண்டறிவது பயனுடையதே. எனினும் நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவரிடம்கூட அது காணப்படுவதில்லை. மரபணுத் தொகுதி முழுவதும் ஒத்த இரட்டையரில் ஒருவர் நோயுற்றாலும், மற்றவர் நோயுறாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழச் சரிபாதி.

மலிவான சோதனை முதலில் எங்கே பயன்படுத்தப்படும் என்பதே கவலைக்குரியது. வரன் பார்க்கும் வீடுகளில், "குடும்பத்தில் யாருக்காவது..." என்று பாதியில் நிற்கும் கேள்வி மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் புதிதன்று. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மணமக்களின் மனநிலையை மட்டுமே நோக்குகிறது. உறவுமுறையோ உடன்பிறந்தாரையும் சேர்த்தே எடைபோடுகிறது. நோயுற்ற அண்ணனுக்கு மருந்து வாங்கித் தரும் தங்கையின் கையில் ஒரு மதிப்பெண் தாளும் சேருமாயின், அதைப் படிக்கப்போவது மரபணு ஆலோசகர் அல்லர்; பெண் பார்க்க வந்தவர்கள். நோயாளிகளுள் பெரும்பாலோரின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் இந்நோய்க்கு ஆளாகாதவர்கள் என்பது அத்தாளில் அச்சிடப்பட்டிருக்கப் போவதில்லை.