இந்திய–பூட்டான் பொருளாதார உறவு

இந்திய–பூட்டான் பொருளாதார உறவு என்பது வணிகம், நாணயம், நீர்மின்சாரம் ஆகிய மூன்றிலும் இவ்விரு அண்டை நாடுகளுக்கிடையே உள்ள பிணைப்பைக் குறிக்கும். சுமார் 8 லட்சம் மக்களே வாழும் பூட்டானின் வெளிநாட்டு வணிகத்தில் பெரும்பகுதி இந்தியாவுடன் நடைபெறுகிறது.

தொடக்கம்

பூட்டானின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1961-இல் இந்திய நிதியுதவியுடன் தொடங்கியது. 1972-இல் கையெழுத்தான வணிக ஒப்பந்தம் இரு நாடுகளுக்கிடையே சுங்கவரியற்ற வணிகத்துக்கு வழிவகுத்தது. கடற்கரை இல்லாத பூட்டானுக்குப் பிற நாட்டுச் சரக்குகள் கொல்கத்தா துறைமுகம் வழியாகச் சென்று சேர்கின்றன.

நீர்மின்சாரம்

இவ்வுறவின் முதுகெலும்பு நீர்மின்சாரம். பூட்டானில் செங்குத்தாக இறங்கும் ஆறுகள் உண்டு. ஆனால் அணை கட்டப் பணம் இருக்கவில்லை. இந்தியாவில் முதலீடும் பொறியாளர்களும் மின்தேவையும் இருந்தன. 1974 உடன்பாட்டின்படி வாங்சு ஆற்றில் 336 மெகாவாட் சுக்கா மின்நிலையம் எழுந்தது. அதன் செலவில் 60 விழுக்காட்டை மானியமாகவும் 40 விழுக்காட்டைக் கடனாகவும் இந்தியா அளித்தது. அதே ஆற்றில் சற்றுக் கீழே 1,020 மெகாவாட் தாலா நிலையமும், பின்னர் 2019-இல் மாங்டேச்சு ஆற்றில் 720 மெகாவாட் மாங்டேச்சு நிலையமும் செயல்பாட்டுக்கு வந்தன.

மழைக்காலத்தில் ஆறுகள் பெருகும்போது உபரி மின்சாரம் இந்தியாவுக்கு வருகிறது. குளிர்காலத்தில் நீர்வரத்து குறைந்ததும் பூட்டான் இந்தியாவிடமிருந்து மின்சாரம் வாங்குகிறது. இத்திட்டங்களுக்கான கடனும் மின்சார விற்பனை வருவாயும் இந்திய ரூபாயிலேயே இருப்பதால், நாணய மதிப்பின் ஏற்ற இறக்கம் கடன் சுமையைக் கூட்டுவதில்லை. மலிவான மின்சாரத்தை நம்பி பூட்டானின் பாசாக்காவில் ஃபெரோசிலிக்கன் ஆலைகள் இயங்குகின்றன. அவற்றின் சரக்குக்கும் முதன்மைச் சந்தை இந்தியாவே.

நாணயமும் எல்லை நகரங்களும்

1974-இல் அறிமுகமான பூட்டான் நாணயமான நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்குச் சமமான மதிப்புடையது. பூட்டானில் ரூபாயும் செல்லும். எல்லையின் இருபுறமும் ஒட்டியிருக்கும் பூட்டானின் புன்ட்சோலிங், மேற்கு வங்கத்தின் ஜெய்கான் ஆகிய நகரங்களின் கடைகளில் இரு நாட்டுப் பணமும் புழங்குகிறது. கொரோனாவால் 2020-இல் மூடப்பட்ட எல்லை 2022 செப்டம்பர் 23-இல் திறக்கும்வரை, பூட்டானிய வாடிக்கையாளர்களை நம்பியிருந்த ஜெய்கான் வணிகர்கள் பெரும் இழப்பைச் சந்தித்தனர். பெரிய நாட்டின் சிறுநகரமும் சிறிய அண்டை நாட்டைச் சார்ந்து வாழ்வதை அது காட்டியது.

சிக்கல்கள்

ஏற்றுமதியைவிட இறக்குமதி மிகுந்ததால் 2012-இல் பூட்டானில் ரூபாய்த் தட்டுப்பாடு ஏற்பட்டது. வாகன இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1,200 மெகாவாட் புனாத்சாங்சு-1 திட்டம், அணைப்பகுதியின் மலைச்சரிவு நிலைகுலைந்ததால் பல ஆண்டுகள் தாமதமாகி, செலவும் பன்மடங்கானது.

மதிப்பீடு

ஒருவரிடம் இல்லாததை மற்றவர் தரும்போதே இத்தகைய உறவு நிலைக்கிறது. ஒரே பொருளையும் ஒரே சந்தையையும் நம்பியிருப்பது சிறிய நாட்டுக்கு ஆபத்து. எனவே உறவை அறுக்காமல், வேளாண்மை, சுற்றுலா, சிறுதொழில் எனப் பூட்டானின் வருவாய் வழிகளைப் பெருக்குவதே இரு நாடுகளுக்கும் நன்மை தரும்.