நான்கு மொழிகளுக்கும் ஒரே நீதி



நம் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிப்பதை இயல்பான ஒன்றாகவே எண்ணுகிறோம். அதற்கு வழி திறந்த வரலாற்றைச் சற்று நினைவுகூருங்கள்.

1955 மே மாதம் ஹாக் லீ பேருந்துக் கலவரத்தில் சிங்கப்பூரில் நால்வர் மாண்டனர். வேலைநிறுத்தம் செய்தவர்களோடு சீனப் பள்ளி மாணவர்களும் சேர்ந்திருந்தனர். ஆங்கிலப் பள்ளிகளைப் போலத் தங்கள் பள்ளிகளை அரசு ஆதரிக்கவில்லை என்ற மனக்குறை அவர்களுக்கு நெடுநாளாக இருந்தது.

சீனக் கல்வியை ஆராயச் சட்டமன்றம் ஒன்பது பேர் கொண்ட அனைத்துக் கட்சிக் குழுவை அமைத்தது. ஆளும் தொழிலாளர் முன்னணியின் லிம் இயூ ஹாக்கும், எதிரணியில் இருந்த மக்கள் செயல் கட்சியின் லீ குவான் யூவும் அதில் இடம்பெற்றனர். 1956 பிப்ரவரியில் வெளியான அவர்களது அறிக்கை சீனத்தோடு நிற்கவில்லை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தவும், தொடக்கப்பள்ளியிலேயே இரு மொழிகள் கற்பிக்கவும் பரிந்துரைத்தது.

பிற்காலத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் மறைந்தன. கடைசியாக உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. ஆனால் தமிழ்ப் பாடம் நிலைத்தது.

அரசியலில் மோதியவர்கள் பிள்ளைகளுக்காக ஒன்றாக அமர்ந்து, சிறுபான்மையான நம் மொழிக்கும் இடம் தந்தார்கள். அந்த இடத்தைக் காப்பது இனி நம் வீடுகளின் பொறுப்பு. குடும்ப ஜெபத்தில் இன்றிரவு உங்கள் பிள்ளையைத் தமிழ் வேதாகமத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.