தேர் இழுக்கக் கூலி உண்டா? டெபியன் வெளியீட்டுத் தேதிகளின் கதை

2011-க்குப் பிறகு பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் பிள்ளைகளுக்கு வந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. நிறைய பேர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பாஸ், சி-டாக் உருவாக்கியது. ஆனால் அதற்கு அடித்தளம் டெபியன். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கி, இன்றுவரை தன்னார்வலர்கள் நடத்துகிற இயங்குதளம்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. கம்பெனியில் சம்பளம் வாங்குகிற நாங்களே டெட்லைனைத் தவறவிடுகிறோம். சம்பளமே இல்லாத இடத்தில் வெளியீட்டுத் தேதியை யார் சொல்வது, சொன்னால் யார் கேட்பது?

டெபியனுக்கு 1998-லிருந்து ஒரு அமைப்புச் சட்டம் உண்டு. திட்டத்துக்காக வேலை செய்தே ஆகணும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆகவே பழைய கொள்கை, 'தயாரானதும் வெளியிடுவோம்' என்பதுதான். அதன் விலை பெரிசு. 3.0 (வுடி) 2002 ஜூலையில் வந்தது. அடுத்த 3.1 (சார்ஜ்) வந்தது 2005 ஜூனில். நிறுவியைப் புதிதாக எழுதினார்கள். நடுவில் 2004-ல் உரிம விதிகளைத் திருத்தியதில், சார்ஜே தடைபடும் நிலை வந்தது. அந்தத் திருத்தத்தைத் தள்ளிப்போட இன்னொரு ஓட்டெடுப்பு நடத்த வேண்டியதாயிற்று. அதே 2004 அக்டோபரில், டெபியனையே எடுத்து ஆறு மாசத்துக்கு ஒரு வெளியீடு என்று உபுண்டு கிளம்பிவிட்டது. அவர்களிடம் சம்பள ஆட்கள் இருந்தார்கள்.

அப்போ காசு கொடுத்தால் தேதி நிற்குமா? 2006-ல் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். அப்போதைய திட்டத் தலைவர் ஆண்டனி டவுன்ஸ், வேறு சிலரோடு சேர்ந்து 'டங்க்-டேங்க்' என்று ஒரு ஏற்பாடு செய்தார். வெளியீட்டு மேலாளர்கள் ஸ்டீவ் லங்காசெக், ஆண்ட்ரியாஸ் பார்த் இருவருக்கும் ஆளுக்கு ஒரு மாசம் பணம் கொடுத்து முழுநேரம் வேலை செய்ய வைப்பது, 4.0-வை (எட்ச்) டிசம்பர் 4-ல் வெளியிடுவது. ஊர்த் தேர் இழுக்கும்போது ரெண்டு பேருக்கு மட்டும் கூலி கொடுத்தால் என்ன ஆகும்? அதேதான் ஆச்சு. சிலர் வெளிப்படையாகவே வடத்தை விட்டார்கள். தலைவரை நீக்க ஓட்டெடுப்பு வரை போய், அது தோற்றது. எட்ச் வந்தது 2007 ஏப்ரல் 8-ல். தாமதத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பணம் தேதியைக் காப்பாற்றவில்லை.

2009 ஜூலையில் வேறு வழி. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை டிசம்பரில் 'ஃப்ரீஸ்', அதாவது அதற்குப் பிறகு புதுசாக எதுவும் உள்ளே வராது, பிழை திருத்தம் மட்டும். முதல் ஃப்ரீஸுக்கு ஐந்தே மாசம்தான் இருந்தது. கலந்து பேசாமல் அறிவித்துவிட்டார்கள் என்று கொதிப்பு. சில நாளிலேயே பின்வாங்கினார்கள். ஃப்ரீஸ் கடைசியில் 2010 ஆகஸ்டில்தான் நடந்தது.

யோசனை தப்பில்லை, சொன்ன விதம்தான் தப்பு என்பது பிறகு தெரிந்தது. 7-ஆம் பதிப்பு (வீஸி) ஃப்ரீஸிலேயே பத்து மாசம் கிடந்தது, 2012 ஜூன் முதல் 2013 மே வரை. அதன்பின் ரெண்டு மாற்றம். ஒன்று, அடுத்த ஃப்ரீஸ் 2014 நவம்பர் 5 என்று ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டு, கடும் பிழையைத் திருத்தாமல் விட்ட பொதிகளை, அவை இன்றியமையாதவையாக இல்லாவிட்டால், வெளியீட்டுப் பட்டியலிலிருந்து கருவியே தானாக நீக்கும். யாரையும் திட்ட வேண்டாம், கெஞ்ச வேண்டாம். 8 (ஜெஸ்ஸி) ஆறு மாசத்துக்குள், 2015 ஏப்ரலில் வந்துவிட்டது. பிறகு 2017, 2019, 2021, 2023, கடைசியாக 2025 ஆகஸ்ட் 9. வருஷம் தவறவில்லை.

தன்னார்வலரை இந்தத் தேதிக்குள் முடி என்று சொல்ல முடியாது. இந்தத் தேதியில் கதவு சாத்தப்படும் என்று சொல்லலாம். நம்ம ஊர்த் திருவிழாவிலும் அப்படித்தானே? யாருக்கும் சம்பளமில்லை. ஆனால் காப்புக் கட்டும் நாளை முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். வெளியூரில் இருப்பவனும் அதற்குத் தகுந்தபடி லீவு போட்டுக்கொண்டு வந்து சேருவான். வர முடியாதவனுக்காகத் தேர் நிற்பதில்லை. அவனை யாரும் கோவிக்கிறதும் இல்லை.