படுக்கையில் கிடைத்த நூல்கள்

கடந்த புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலியை நாம் நிறைவேற்றவில்லை. முழங்காலில் அறுவை மருத்துவம் முடிந்து பங்கு இல்லத்தில் படுத்திருந்தோம். ஆலய மணியோசையும் மக்கள் பாடிய நன்றிப் பாடலும் சன்னல் வழியே வந்தன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட குருத்துவ வாழ்வில், பீடத்தருகே நில்லாத முதற் புத்தாண்டு அது. மனம் சோர்ந்தது; இறைவேண்டலும் வறண்டது.

பொழுது போக்கத் துப்பறியும் கதைகள் சில வேண்டும் என்று உபதேசியாரிடம் கேட்டோம். அவரோ இல்லத்து அலமாரியில் தேடி, புனித இஞ்ஞாசியார் தம் இறுதி ஆண்டுகளில் சொல்லி எழுதுவித்த தன்வரலாற்றைக் கொண்டுவந்தார். குருமடத்தில் தேர்வுக்காகப் படித்த நூல். விருப்பமின்றியே பிரித்தோம்.

1521 மே 20ஆம் நாள், பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு இனிகோவின் வலக்காலை நொறுக்கியது. லொயோலா மாளிகைக்குச் சுமந்து வரப்பட்டார். பிசகாகப் பொருந்திய எலும்பை மீண்டும் உடைத்துச் சேர்த்தனர். புனிதர் பேதுரு, பவுல் திருநாளுக்கு முந்திய நாள் உயிர் ஊசலாடிற்று. அன்று நள்ளிரவில் தேறத் தொடங்கினார். பின்னர் முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்தி நின்றது. அழகிய காலணி அணிய அது இடையூறாகும் என்பதற்காகவே அதை அறுத்தெடுக்கச் சொன்னார். இவ்விடத்தை வாசிக்கையில் நமக்குச் சிரிப்பு வந்தது. புனிதர்கள் புனிதர்களாகவே பிறப்பதில்லை அல்லவா!

அவரும் வீரர்களின் காதற்கதைகளையே கேட்டார். அவ்வீட்டில் அத்தகைய நூல் ஒன்றும் இல்லை. கிடைத்தவை, சாக்சனி லுதோல்பு என்னும் துறவி எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கையும், புனிதர் வரலாறுகளுமே. வேறு வழியின்றி வாசித்தார். சுவைத்த பகுதிகளைப் படியெடுத்தார். ஆண்டவரின் சொற்களைச் சிவப்பு மையிலும், அன்னையின் சொற்களை நீல மையிலுமாக ஏறத்தாழ 300 தாள்கள்.

வாசித்ததைவிட, வாசித்தபின் தம்முள் நிகழ்ந்ததை அவர் கவனித்ததே வரலாற்றை மாற்றியது. ஒரு சீமாட்டிக்குத் தாம் ஆற்றப்போகும் வீரச் செயல்களை மணிக்கணக்காகக் கற்பனை செய்வார். அப்போது இனிக்கும், பிறகு உள்ளம் வறண்டு கிடக்கும். பிரான்சிசையும் சாமிநாதரையும் போல வாழ நினைப்பார். அந்நினைவு அகன்ற பின்னும் மகிழ்ச்சி தங்கும். நாம் இறையியல் வகுப்பில் 'ஆவிகளைத் தேர்ந்து தெளிதல்' என்று பெரிய பெயரால் கற்றதன் தொடக்கம், ஒரு நோயாளி தன் வாசிப்பின் பின்சுவையை அறிந்ததே. 1522 சனவரி பிறந்தபோதும் அவர் அம்மாளிகையில்தான் இருந்தார். சில வாரங்களில் புறப்பட்டுவிட்டார்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை அவர் பாடம் கற்கக் காலம் பிடித்தது. மன்ரேசாவில் கடும் நோன்பிருந்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் அவ்வலி தொடர்ந்தது. ஆகவேதான் 1548இல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய மடலில், நோன்பைக் குறைத்து, இறைவனுக்குரிய உடலைப் பேணும்படி அறிவுறுத்தினார். மருத்துவர் சொன்ன ஓய்வைத் தண்டனையாகவே எண்ணிப் புழுங்கிய நமக்கு, இம்மடல் நன்றாகவே உறைத்தது.

அவர் படுக்கையில் வாசித்த புனிதர் வரலாறு, வொராஜினே யாக்கோபின் பதின்மூன்றாம் நூற்றாண்டு நூலின் ஸ்பானியவடிவம். அம்மரபு நம் கடற்கரைக்கும் வந்தது. 1546இல் இந்தியா வந்த இயேசு சபைத் துறவி அன்றிக் அடிகளார், முத்துக்குளித்துறைப் பரதவ மக்களிடையே வாழ்ந்து, புன்னைக்காயலில் மருத்துவமனை ஒன்றை அமைத்தார். 1578இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அவரே, 1586இல் 'புளோஸ் சாங்க்தோரும்' என்ற பெயரிலேயே புனிதர் வரலாறுகளைத் தமிழில் அச்சேற்றினார். மருந்தும் நூலும் ஒரே கையிலிருந்து கிடைத்தன. வத்திக்கான் நூலகத்தில் எஞ்சியிருந்த படியைக்கொண்டு, அருள்தந்தை இராசமாணிக்கம் 1967இல் 'அடியார் வரலாறு' எனப் பதிப்பித்தார்.

ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் குருமட நூலகத்தில் அதைக் கேட்டோம். தூசி தட்டித் தந்தார்கள். நானூறு ஆண்டு முந்திய தமிழ் எளிதில் வழிவிடுவதில்லை; நாளொன்றுக்கு இரண்டு பக்கமே நகர்கிறது. உபதேசியார் மாலைதோறும் வந்து, அன்று படித்ததைச் சொல்லும்படி கேட்கிறார். துப்பறியும் கதைகளையும் அவர் பின்னர் வாங்கி வந்தார். அவை மேசைமேல் இருக்கின்றன.