கல்விப் பயணமும் கடவுச்சீட்டும்

கல்வி தேடிப் பயணம் புறப்படுதல், அதாவது ‘ரிஹ்லா’, நம் முன்னோர்களாகிய அறிஞர் பெருமக்களின் வாழ்வோடு பிணைந்தது. அப்பயணத்துக்கு ஆட்சியாளரின் சீட்டு தேவைப்படுவதும் புதிதன்று. 1326இல் எகிப்திலிருந்து ஷாமுக்குச் சென்ற இப்னு பதூதா, வழியில் கத்யா என்னும் சோதனைச் சாவடியைக் கண்டார். எகிப்தின் சீட்டின்றி ஷாமுக்கும், ஷாமின் சீட்டின்றி எகிப்துக்கும் எவரும் கடக்க இயலாது. இரவில் மணலைச் சமன்செய்து, காலையில் அதில் காலடித் தடம் தேடுவார்கள். அதே ஆண்டில் திமிஷ்கில் ஸஹீஹுல் புகாரியைச் செவியுற்று இஜாஸத் பெற்ற அவர், பின்னாளில் நம் மதுரைக்கும் வந்தார்.

நம் நாட்டின் வரலாறு வேறு. மக்காவில் பயின்று, வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை நிறுவிய ஷா அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) அவர்களின் 19ஆம் நூற்றாண்டில் இன்றைய கடவுச்சீட்டுச் சட்டங்கள் இல்லை. முதல் உலகப் போரே அவற்றைக் கொணர்ந்தது. 1920ஆம் ஆண்டின் சட்டம் இந்தியாவுக்குள் நுழைவோரிடம் கடவுச்சீட்டைக் கோரியது. அது 2025இல் நீக்கப்பட்டது. வெளிநாடு செல்வோருக்குச் சீட்டு வழங்குவதையோ அக்காலத்தில் எச்சட்டமும் வரையறுக்கவில்லை. கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பமாகவே இருந்தன.

1967 ஏப்ரல் 10 அன்று, சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமையே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. மறுப்புக்குக் காரணம் எழுதவேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு. சலுகை உரிமையாயிற்று.

ஆயினும் உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அலுவலகமும் அருகில் இருக்கவேண்டும். 1954இல் திறக்கப்பட்ட சென்னை அலுவலகம் தென்கோடிக்கு வெகுதொலைவு. 1983இல் திருச்சியிலும், 2007இல் மதுரையிலும் அலுவலகங்கள் அமைந்தபின்னரே, தென்காசி–மதுரைச் சாலையில் அமைந்த சிவகிரி போன்ற ஊர்களின் மாணவர்க்குப் பாதை சுருங்கிற்று.

கடவுச்சீட்டு நம் நாடு தரும் உரிமை. விசாவோ செல்லும் நாடு தரும் இசைவு. ஃபிக்ஹு நூல்கள் பேசும் ‘அமான்’ என்னும் பாதுகாப்பு உறுதிக்கு இதனை ஒப்பிடலாம். உறுதி இருபுறமும் கட்டுப்படுத்தும். உம்ரா விசாவில் சென்று, காலம் கடந்தும் தங்கிப் பயில்வது கல்வி ஆர்வமாகத் தோன்றலாம். உண்மையில் அஃது உடன்படிக்கையை முறிப்பதாகும்.

இங்கே நம் அரபுக் கல்லூரிகளுக்கும் பொறுப்புண்டு. ஸனதில் ஒரு பெயரும், பள்ளிச் சான்றிதழில் வேறெழுத்தில் அதே பெயரும் இருப்பின் மாணவர் வாயிலிலேயே நிற்க நேரும். பத்தாம் வகுப்புத் தேறாத ஆலிமின் கடவுச்சீட்டில் ‘ஈ.சி.ஆர்.’ குறிப்பு இடம்பெறும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அது வேலைக்குச் செல்வோரைப் பற்றியதே எனினும், பின்னாளில் அவர் வளைகுடாவில் பணிசெய்ய விரும்பினால் தடையாகும். ஆகவே பாடத்தோடு பத்தாம் வகுப்பையும், ஸனதோடு பெயரின் எழுத்தையும் சேர்க்கும் நாளிலேயே சீர்செய்வோம். கத்யாவின் மணலில் தடம் மறைக்க எவராலும் இயலவில்லை. நேரிய சீட்டுடையவருக்கோ மறைக்க ஏதுமில்லை.