பாவா ஆதம் மலையில் இப்னு பதூதா

1344-ஆம் ஆண்டு, மாலத்தீவிலிருந்து மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்ட மரக்கலமொன்று, காற்றால் திசை மாறி இலங்கையை நெருங்கியது. அதிலிருந்தவர் தன்ஜா நகரத்துப் பெரும் பயணி இப்னு பதூதா. புகைத்தூண் போல வானளாவி நின்ற சரந்தீபின் மலையைக் கடலில் இருந்தபடியே கண்டதாக அவர் குறிப்பிடுகின்றார்.

புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். பாரசீக மொழி அறிந்திருந்த அத்தமிழ் மன்னர், வேண்டுவதைக் கூசாது கேட்கும்படி கூறினார். பயணி கேட்டது பொன்னுமன்று, முத்துமன்று. ஆதம் நபி (அலை) அவர்களின் பாதச்சுவட்டைக் காண வேண்டும் என்பது ஒன்றே. மன்னர் பல்லக்கும், வழித்துணையாக நான்கு யோகிகளையும், மூன்று பிராமணர்களையும், தம் தோழர் பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைந்து ஆட்களையும் கொடுத்தனுப்பினார். ஒரு முஸ்லிமின் ஸியாரத்துக்கு யோகிகளும் பிராமணர்களும் வழிகாட்டினர் என்பது சிந்திக்கத்தக்கது. அத்தீவு மக்கள் முஸ்லிம்களை மதித்துத் தம் இல்லங்களில் தங்கவைத்து உணவளித்ததையும் அவர் நன்றியுடன் பதிவு செய்துள்ளார்.

காட்டு வழியில் அட்டைகள் மேலே பாய்ந்தன. எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து அவற்றை அகற்றினர். செங்குத்தான பாறையில் பத்துச் சங்கிலிகள் தொங்கின. பத்தாவதை எட்டிக் கீழே நோக்குபவர் அச்சத்தால் கலிமாவை மொழிவாராம். ஆதலால் அதற்கு ‘ஷஹாதத்துச் சங்கிலி’ என்று பெயர்.

ஆதம் நபி எவ்விடத்தில் இறங்கினார்கள் என்று திருமறை கூறவில்லை. சரந்தீப் என்பது பிற்கால அறிவிப்புகளில் வருவது. அதே சுவட்டைப் பௌத்தர் புத்தரின் ஸ்ரீபாதம் என்பர். இந்துக்கள் சிவனொளிபாதம் என்பர். யார் பாதம் என்ற வழக்கு இங்கே தீர்க்கப்பட வேண்டியதன்று. பல சமயத்தார் ஒரே படியில் ஏறி இறங்குகின்றனர் என்பதே அம்மலையின் சிறப்பு.

2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலையைச் சூழ்ந்த காடு 1940-இல் சரணாலயமாக்கப்பட்டது. 2010-இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது. களனி ஆறும் களு ஆறும் இம்மலைப் பகுதியில் பிறக்கின்றன. கொழும்பு நகரம் குடிக்கும் நீரில் பெரும்பங்கு களனியின் நீரே.

டிசம்பர் முதல் மே வரை இலட்சக்கணக்கானோர் இரவெல்லாம் ஏறி உதயத்தைக் காண்கின்றனர். நல்லதண்ணி வழியாகவும் இரத்தினபுரி வழியாகவும் ஏறுவோர் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் புட்டிகளும் பொட்டலங்களும் ஓடைகளில் சேருகின்றன. உச்சியில் எறிந்த குப்பை, அடிவாரத்து ஏழையின் குடத்தில் போய் முடிகின்றது.

பூமியில் பயணம் செய்து படைப்பைச் சிந்திக்குமாறு ஏவப்பட்டவர்கள் நாம். பாதையில் கிடக்கும் தீங்கை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளையென்று நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் கற்பிக்கின்றோம். அவ்வாறாயின், பாதையில் தீங்கைப் போடுபவன் எதைக் கற்றவன்? விடுமுறையில் குடும்பத்தோடு அம்மலைக்குச் செல்வோர் கொண்டுசென்றதைத் திரும்பக் கொண்டுவரட்டும். இப்னு பதூதா அங்கே விருந்தினராக ஏறினார், விருந்தினராகவே இறங்கினார். நமக்கும் அதுவே அழகு.